இரவில் வரும் கோப்பு

நுழையும்முன்

திருப்பூரில் நூலும் துணியும் கைமாறுவதற்கு முன்பே கோப்புகள் கைமாறுகின்றன. மின்னஞ்சலின் இணைப்பாக வரும் கோப்பைத் தானியங்கி முறையில் எடுத்து மேகச் சேமிப்பகத்திலும் தொலைவிலுள்ள சேவையகத்திலும் சேர்ப்பது எவ்வாறு என்பதையும், அப்பணியில் எதனை இயந்திரத்திடம் விடலாம், எதனை விடலாகாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் வழியில், பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தை அடுத்து அமைந்துள்ளது வேலம்பாளையம். 15 வேலம்பாளையம் என்று எண்ணோடு சேர்த்து வழங்குவதே ஊர் வழக்கு. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. இப்பகுதியில் பனியன் தொழில் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை மற்றோரிடம், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வேறிடங்கள், தையல் இன்னோரிடம் என ஓர் ஆடை பல வாயில்களைக் கண்டே பெட்டிக்குள் அடங்குகிறது. துணிக்கட்டுகள் டெம்போவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒவ்வொரு கட்டும் சென்று சேருமுன் அதனை என்ன செய்ய வேண்டும் என்ற செய்தி அங்கே சென்றிருத்தல் வேண்டும். அச்செய்தி இன்று கோப்பாகச் செல்கிறது. கோத்து வைக்கப்பட்டது கோப்பு. நூலோடு வாழும் ஊருக்கு இச்சொல் அயலானதன்று.

வெளிநாட்டுப் பையர் அனுப்பும் கோப்புகள் பலவகையின. ஆடையின் அளவுகளையும் தையல் முறையையும் கூறும் டெக் பேக், அச்சிட வேண்டிய படம், வெட்டுவதற்கான பேட்டர்ன், எம்பிராய்டரி இயந்திரம் படிக்கும் வடிவக் கோப்பு ஆகியன அவற்றுள் சில. அவை வரும் நேரமோ நமக்கு உகந்ததன்று. நியூயார்க்கில் கோடைக்காலத்து மாலை ஆறு மணி என்பது திருப்பூரில் மறுநாள் அதிகாலை மூன்றரை மணி. அங்கே அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன் ஒருவர் அனுப்பிய திருத்தம், இங்கே எல்லாரும் உறங்கும் வேளையில் வந்து சேர்கிறது.

இதனால் நேரக்கூடிய இழப்பு சிறிதன்று. ஒரு சட்டையின் உடல் நீளத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டிப் பையர் இரவில் திருத்தம் அனுப்புகிறார் எனக் கொள்ளலாம். காலையில் கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கரை வைத்து வெட்டத் தொடங்கிவிடுவர். ஒரே வெட்டில் எல்லா அடுக்குகளும் அறுபடும். திருத்தம் வந்த மின்னஞ்சலை மெர்ச்சண்டைசர் பத்து மணிக்குத் திறந்து பார்ப்பாரானால், அதற்குள் பழைய அளவில் துணி வெட்டுப்பட்டிருக்கும். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட இயலாது.

ஆகவே கோப்பு விரைந்து செல்ல வேண்டும். விரைவு மட்டும் போதுமா என்பது பின்னர் எழும் வினா.

கணினிகளுக்கிடையே கோப்பை அனுப்பும் நெறிமுறையின் வரலாற்றில் இந்தியர் ஒருவருக்கு முதன்மையான இடம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவராகிய அபய் பூஷண், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றபோது, 1971 ஏப்ரலில் எஃப்டிபி எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். மின்னஞ்சலும் கோப்புப் பரிமாற்றமும் ஓராண்டுப் பிள்ளைகள். ஆயினும் மின்னஞ்சல் நெடுங்காலம் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. படம், ஒலி முதலியவற்றை அஞ்சலோடு இணைக்கும் மைம் என்னும் பொதுமுறை 1992இல் வந்தது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

இணைப்பாகச் செல்லும் கோப்பு தன் உருவில் செல்வதில்லை. எழுத்துகளுக்கென அமைந்த பாதையில் அது எழுத்தாக வேடம் பூண்டே பயணம் செய்கிறது. கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 18 எம்பி அளவுள்ள படம் அஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ 24 எம்பி ஆகிவிடும். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் அனுப்ப இடந்தருவதில்லை. அஞ்சல்பெட்டி கோப்புகளுக்கு நிலையான இருப்பிடம் ஆகாது என்பதற்கு இக்கணக்கு ஒன்றே போதும்.

தானியங்கி முறை செயற்படும் விதம்

அலுவலகக் கணினியில் அல்லது வாடகைக்குப் பெற்ற சேவையகத்தில் ஒரு நிரல், குறித்த கால இடைவெளியில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என வைத்துக்கொண்டால், விழித்தெழுகிறது. ஐமேப் என்னும் நெறிமுறை வழியே அஞ்சல்பெட்டியைத் திறந்து, புதிதாக வந்தவற்றைப் பார்க்கிறது. அனுப்புநரின் முகவரி, பொருள் வரியிலுள்ள ஆர்டர் எண், கோப்பின் வகை ஆகிய மூன்றையும் கொண்டு சலிக்கிறது. சல்லடையில் தேறியவற்றின் எழுத்து வேடத்தைக் கலைத்து, மூலக்கோப்பை வெளியே எடுக்கிறது. ஒரு படியை மேகச் சேமிப்பகத்தில் வைக்கிறது. மேகம் என்னும் பெயர் அழகானதே ஒழிய, அது வேறோர் ஊரிலுள்ள தரவு மையத்தின் கணினிதான். மற்றொரு படியைப் பிரிண்டிங் பட்டறையின் சேவையகத்துக்கு அனுப்புகிறது.

இவ்வளவையும் எழுத ஒரு பக்க நிரல் போதும். கடினம் வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, பாதிக் கோப்பு. கோப்பு சென்றுகொண்டிருக்கும்போது மின்தடையால் பட்டறையின் இணைப்பு அறுந்தால், அரைகுறைக் கோப்பு அங்கே முழுக்கோப்பைப்போல் அமர்ந்துவிடும். இதனைத் தவிர்க்க, முதலில் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுவதும் சேர்ந்தபின் உண்மைப் பெயரைச் சூட்டுவர். சேர்ந்தது முழுமைதானா என அறிய ஷா-256 என்னும் கணிப்பு உதவுகிறது. எத்துணைப் பெரிய கோப்பையும் அது 64 எழுத்துகள் கொண்ட அடையாளமாகச் சுருக்கிவிடும். மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறும். ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியலில் காணப்படும் 64 எழுத்துக் குறிப்பெண்ணும் இவ்வகைக் கணிப்பில் பிறந்ததே. இருமுனையிலும் அடையாளம் ஒத்திருந்த பின்னரே அஞ்சலுக்கு ‘முடிந்தது’ எனக் குறியிட வேண்டும். முன்னதாகவே குறியிடும் நிரல், பொட்டலத்தைக் கொடுக்காமலே கையொப்பம் வாங்கும் ஆளைப் போன்றது.

அடுத்தது, இரட்டிப்பு. நிரல் பாதியில் நின்று மீண்டும் ஓடினால் அதே அஞ்சலை இரண்டாம் முறை எடுக்கக்கூடும். ஒவ்வோர் அஞ்சலும் தனக்கென ஓர் அடையாள எண்ணைச் சுமந்து வருகிறது. அதனைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், ஒரே அச்சு ஆணை இருமுறை செல்வது தவிர்க்கப்படும்.

மூன்றாவதே மிகவும் இக்கட்டானது; அது பெயர்ச் சிக்கல். ‘இறுதி’ என்று பெயரிட்ட கோப்புக்குப் பின் ‘இறுதி 2’ வருவதும், அதற்குப்பின் மீண்டும் ‘இறுதி’ என்ற பெயரிலேயே வேறொன்று வருவதும் தொழிலில் நாள்தோறும் காண்பவை. ஒரே பெயரில் வந்த புதியது பழையதன்மேல் எழுதிவிட்டால், பையர் முன்பு எதனை ஏற்றார் என்பதற்குச் சான்றே இராது. பழையது தனியே நின்றுவிட்டாலோ, எதனை வெட்டுவது என்ற குழப்பம் எழும். ஆதலால் வந்த எதனையும் அழிக்காமல், ஆர்டர் எண்ணையும் நாளையும் நேரத்தையும் பெயரோடு சேர்த்து மேகச் சேமிப்பகத்தில் வைத்துவிட வேண்டும். பட்டறையும் கட்டிங் பிரிவும் பார்க்கும் கோப்புறையில் நடப்பிலுள்ள ஒன்று மட்டுமே இருத்தல் வேண்டும். புதியது வந்தவுடன் பழையதை அக்கோப்புறையிலிருந்து நிரல் தானாகவே விலக்கலாம். புதியதை அங்கே வைக்கும் அனுமதியை மட்டும் மெர்ச்சண்டைசரே வழங்க வேண்டும். நிறுத்துவது இயந்திரத்தின் உரிமை. தொடங்கி வைப்பது மனிதரின் பொறுப்பு. திருத்தம் வந்த இரவுக்கு மறுநாள் கட்டிங் மாஸ்டர் கோப்புறை வெறுமையாக இருப்பதைக் கண்டு, துணியை விரிக்காமல் தொலைபேசியில் கேட்பார். அரை மணி நேரம் போகும், துணி போகாது.

பாதையின் காவல்

பழைய எஃப்டிபியில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றது. வழியில் ஒட்டுக்கேட்போர் அதனை எளிதில் படித்துவிடலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இத்தகைய கடவுச்சொல் திருட்டு நிகழ்ந்ததையடுத்து, அங்குப் பணியாற்றிய டாட்டு யூலோனன் 1995இல் எஸ்எஸ்எச் என்னும் மறைகுறியாக்க முறையை உருவாக்கினார். அதன்மீது அமைந்த எஸ்எஃப்டிபியே இன்று பெரிதும் பயன்படுவது. இதில் கடவுச்சொல்லுக்கு மாற்றாக இணைச் சாவிகளைப் பயன்படுத்தலாம். பொதுச்சாவி சேவையகத்தில் இருக்கும். தனிச்சாவி நிரல் உள்ள கணினியை விட்டு வெளியே செல்லாது. பட்டறைக்கு வழங்கும் அனுமதியும் அதன் கோப்புறை அளவிலேயே இருக்க வேண்டும். ஒரு பையரின் வடிவம் மற்றொரு பையருக்குத் துணி தைப்பவரின் கண்ணில் படுவது, ஒப்பந்தத்தையே முறிக்கப் போதுமானது.

சல்லடையை ஏமாற்றும் அஞ்சல்களும் உண்டு. பையரின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று விலைப்பட்டியலோடு வரும் அஞ்சல், உலகெங்கும் வணிகர்களைக் குறிவைக்கும் மோசடி. சில வேளைகளில் உண்மையான அஞ்சல்பெட்டியே களவாடப்பட்டு அதிலிருந்தே போலி அஞ்சல் வரும். அப்போது முகவரியைச் சரிபார்ப்பதால் பயனில்லை. வடிவக் கோப்புகளை நகர்த்த எழுதிய நிரல் பணம் தொடர்பான எதனையும் தொடாதிருப்பதே நலம். அத்தகைய அஞ்சல்களைத் தனியே ஒதுக்கி நிறுத்த வேண்டும். அஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்பே அறிந்த எண்ணில் பையரை அழைத்துக் கேட்க வேண்டும். பணம் கைவிட்டுப் போயிருந்தால், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் தடுப்பதற்கு அங்கே ஒவ்வொரு மணியும் கணக்கு.

இத்தகைய ஏற்பாடு பெருநிறுவனங்களுக்கே உரியது எனக் கருதுவோர் உளர். நான்கு பவர்டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்குச் சேவையகம் தேவையில்லை. கைப்பேசியில் திறக்கும் ஒரு மேகக் கோப்புறை போதும். அவருக்கு வேண்டுவது, கோப்புறையில் உள்ளது நேற்றையதா இன்றையதா என்பது கண்ணுக்குத் தெரிவதுதான். நிரல் எழுதுபவர் காலையில் ஒரு பட்டியலை அனுப்பச் செய்யலாம்: இரவில் வந்தவை எத்தனை, சேர்ந்தவை எத்தனை, நிறுத்தி வைத்தவை எத்தனை. ‘நிறுத்தி வைத்தவை: 0’ என்னும் வரியும் தவறாமல் அதில் இடம்பெற வேண்டும். பட்டியலே வராத காலையில், நிரல் நின்றுவிட்டது எனக் கொண்டு, மெர்ச்சண்டைசர் அஞ்சல்பெட்டியைத் தாமே திறந்து பார்த்த பின்னரே கட்டிங் மேசைக்கு அனுமதி செல்லும்.