ஊர் என்னும் பாடநூல்

நுழையும்முன்

வகுப்பறையில் கற்றவை வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும் என்பது அனைவரும் ஏற்கும் கருத்து. வாழ்க்கையிலிருந்தும் கற்க வேண்டும் என்பது அக்கருத்தின் மறுபாதி. ஊருக்கு உழைக்கச் செல்லும் மாணவர், ஊரிடமிருந்து எதைப் பெற்றுத் திரும்புகிறார்? தொண்டு எப்போது கல்வியாகிறது? எப்போது வெறும் சடங்காகிவிடுகிறது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

ஒப்புரவும் ஈகையும்

திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவறிதல்; இருபத்து மூன்றாம் அதிகாரம் ஈகை. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் பிறர்க்குப் பயன்படுதலையே பேசுகின்றன. எனினும், வள்ளுவர் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது தாம் வாழும் சமுதாயத்தோடு ஒத்து, அதன் தேவையறிந்து உதவுவது. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்திற்கு ஒப்புரவில் இடமில்லை. ஒப்புரவாளரின் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணியில் நீர் முகப்பவர் எவரும் இரவலர் ஆவதில்லை. அந்நீர் ஊரார் அனைவருக்கும் உரியது.

அதிகாரத்தின் பெயரிலேயே ‘அறிதல்’ என்னும் சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. எவருக்கு எது தேவை, அதனை எவ்வாறு செய்தால் பயன் விளையும் என்று அறியாமல் செய்யும் உதவி, நல்லெண்ணத்தில் தொடங்கினாலும் வீணாகிவிடலாம். மாணவப் பருவத்தில் மேற்கொள்ளும் சமுதாயத் தொண்டின் உயிர்நாடியும் இவ்வறிதலே ஆகும்.

நாடு தந்த வாய்ப்பு

உழைப்பையும் அறிவையும் பிரித்துப் பார்க்கும் போக்கு நம் கல்வியில் நெடுங்காலமாக உண்டு. இதனை மாற்ற விரும்பியவர் காந்தியடிகள். 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியே அறிவை வளர்க்க முனைந்தது. நூல் நூற்கும் குழந்தை, பருத்தி விளையும் மண்ணைப் பற்றியும் நூலின் நீளத்தை அளக்கும் கணக்கைப் பற்றியும் உடன்நிகழ்வாகக் கற்கும் என்பது அதன் அடிப்படை.

விடுதலைக்குப் பின், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, மாணவர்கள் தம் விருப்பத்தோடு நாட்டுப்பணியில் ஈடுபட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழுவும் கல்வியின் எல்லா நிலைகளிலும் சமுதாயத் தொண்டு இடம்பெற வேண்டும் என்றது. இவற்றின் பயனாக, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. அன்றைய நடுவண் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இதனைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் பணியாற்றுகிறார். ஏழுநாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்கிறார். தன்னை அன்று, பிறரையே முதன்மையாகக் கருதுதல் என்பது இத்திட்டத்தினுடைய முழக்கத்தின் பொருள்.

தெரிந்து தெளிவோம்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சின்னம், ஒடிசா மாநிலம் கோனார்க்கில் உள்ள சூரியன் கோவிலின் தேர்ச்சக்கரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதிலுள்ள எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணிநேரத்தைக் குறிக்கின்றன. எப்போதும் தொண்டுக்கு அணியமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

கண்மாய்க்கரையில் ஒரு வகுப்பு

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஐம்பது மாணவர்கள் ஏழுநாள் முகாம் இடுவதாகக் கொள்வோம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருவது அவர்களின் பணி. முதல்நாள் காலையில் மண்வெட்டியும் கூடையுமாக இறங்குகின்றனர். ஒரு வாரத்தில் கால்வாய் முழுவதையும் சீராக்கிவிடலாம் என்பது அவர்களின் நம்பிக்கை.

மாலையில் அவர்கள் அளந்து பார்க்கின்றனர். கால்வாயின் நீளம் 500 மீட்டர். அகலம் 2 மீட்டர். படிந்துள்ள மண்ணின் ஆழம் 30 சென்டிமீட்டர். எனவே, அள்ள வேண்டிய மண் 300 கனமீட்டர். பழக்கமில்லாத கைகள் ஒரு நாளில் ஆளுக்கு அரைக் கனமீட்டர் அள்ளினால், ஐம்பது பேர் ஏழு நாள்களில் அள்ளுவது 175 கனமீட்டரே. முகாம் முடிந்த பின்னும் 125 கனமீட்டர் மண் எஞ்சியிருக்கும். பாடநூலில் பலமுறை போட்ட கனஅளவுக் கணக்குத்தான் இது. ஆனால், கொப்புளம் கண்ட கையால் போடும்போது அதன் விடை வேறொன்றையும் சொல்கிறது. ஊரார் கைகொடுக்காமல் இப்பணி நிறைவேறாது என்பதே அது.

கணக்கு மட்டுமன்று, பிற பாடங்களும் அக்கரையில் காத்திருக்கின்றன. அள்ளிய வண்டலை உழவர்கள் வயலுக்கு உரமாகக் கேட்டு வாங்கும்போது மண்ணியல் புரிகிறது. கரையைப் பனையின் வேர்கள் பற்றிப் பிடித்திருப்பதைக் காணும்போது தாவரவியல் விளங்குகிறது. மடை, கலிங்கு, வரத்துக்கால் என்னும் சொற்கள், அகராதியில் உறங்காமல் மக்களின் நாவில் வாழ்வதைக் கேட்கும்போது மொழியின் வளம் தெரிகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலைகளைப் பெருக்குமாறு குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூறு காட்டுகிறது. அச்செய்யுளைத் தேர்வுக்காகப் படித்தவர்க்கும், வறண்ட கண்மாயின் நடுவில் நின்று நினைத்துப் பார்ப்பவர்க்கும் அதன் பொருள் ஒன்றாக இராது.

அக்கண்மாயின் மடையைத் திறந்து, முறைவைத்து வயல்களுக்கு நீர் விடுபவர் நீர்ப்பாய்ச்சி எனப்படுவார். மூன்றாம் நாள் மாலையில் முதியவரான நீர்ப்பாய்ச்சியிடம் மாணவர் ஒருவர், “தாத்தா, கலிங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் இன்னும் நிறையத் தண்ணீர் தேங்குமே?” என்று கேட்பதாக எண்ணிப் பார்ப்போம். நிறைந்த கண்மாயின் மிகுநீர் வெளியேறும் வழியே கலிங்கு. ஆதலால், மாணவரின் வினா அறிவுடைய வினாவே.

“தேங்கும் தம்பி. ஆனால், மேலே இருக்கிற வயலெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். கரையும் அவ்வளவு பாரம் தாங்காது. நம் கலிங்கில் விழுகிற தண்ணீர்தான் கீழே இருக்கிற ஊர்க் கண்மாய்க்கு வரத்து. இங்கே உயர்த்தினால் அந்த ஊர் காய்ந்து போகும்” என்கிறார் பெரியவர்.

ஒரு கண்மாய் மற்றொரு கண்மாயோடு சங்கிலிபோல் பிணைந்திருப்பதையும், ஓர் ஊரின் வேளாண்மை மற்றோர் ஊரின் நேர்மையை நம்பியிருப்பதையும் மாணவர் அப்போது உணர்கிறார். கலிங்கின் உயரம் பொறியியல் கணக்கு. அதுவே அறக்கணக்கும் ஆகும். பள்ளிப்படிப்பைத் தாண்டாத ஒருவர் தமக்கு ஆசிரியராக முடியும் என்னும் தெளிவு அவருக்கு வாய்க்கிறது. கற்பிக்க வந்தவர் கற்பவராக மாறும் இந்நொடியில்தான் தொண்டு கல்வியாகிறது.

எழுத்தறிவித்தோர் அறிந்தவை

உடலுழைப்பில் மட்டுமன்றி, எழுத்தறிவிக்கும் பணியிலும் இம்மாற்றம் நிகழ்வதுண்டு. கேரளத்தின் எர்ணாகுளம், 1990ஆம் ஆண்டு நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனையடுத்துத் தமிழகத்தின் பல மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கம் தனிச்சிறப்புடையது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். இளைஞர்களும் பெண்களும் ஊதியம் கருதாத தொண்டர்களாக முன்வந்தனர்.

பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்துக் களைத்தவர்களே அங்குக் கற்க வந்தோருள் பலர். அவர்களுக்குக் குழந்தைகளுக்குரிய பாடமும் முறையும் பொருந்தா. அன்றாட வாழ்வின் சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கூலிக்கணக்கும் பேருந்தின் பெயர்ப்பலகையும் அவர்களுக்கு நெருங்கிய பாடங்கள்.

அம்மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தோடு மிதிவண்டிப் பயிற்சியும் இணைந்தது. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குச் செல்லவும் கூட்டங்களில் பங்கேற்கவும் பிறரை எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. எழுத்தைக் கற்பிக்கச் சென்ற இயக்கம் மக்களின் வாழ்வை உற்றுநோக்கியதால்தான், விடுதலைக்கு எழுத்தோடு சக்கரமும் தேவை என்பதைக் கண்டுகொண்டது. இதுவும் ஒப்புரவு ‘அறிதலே’ ஆகும்.

தொண்டும் சடங்கும்

இத்தகைய அறிதல் இல்லாதபோது தொண்டு சடங்காகச் சுருங்கிவிடுகிறது. மரக்கன்று நடும் விழா இதற்கு நல்ல சான்று. குழி தோண்டப்படுகிறது, கன்று நடப்படுகிறது, நிழற்படம் எடுக்கப்படுகிறது. கோடையில் அக்கன்றுக்கு நீர் ஊற்றுபவர் யார் என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. அடுத்த ஆண்டு அதே குழியில் மற்றொரு கன்று நடப்படுகிறது. மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஊருக்கு நிழல் கிடைப்பதில்லை. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. செய்ததாகக் காட்டினால் போதும் என்னும் தவறான பாடத்தை மாணவர் கற்றுக்கொள்கிறார். ஊரும் அடுத்து வருவோரை நம்ப மறுக்கிறது.

தொண்டு கல்வியாக வேண்டுமெனில் நான்கு நெறிகள் இன்றியமையாதவை. முதலாவது, தேவையை ஊராரிடம் கேட்டறிதல். தெருவுக்கு வண்ணம் பூசலாம் என்று மாணவர் நினைக்கும் ஊருக்கு, அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய் பெருந்துன்பமாக இருக்கக்கூடும். இரண்டாவது, பணியைப் பாடத்தோடு இணைத்தல். அளத்தல், பதிவுசெய்தல், ஒப்பிடுதல் ஆகியவை பணியின் பகுதிகளாக வேண்டும். மூன்றாவது, எண்ணிப் பார்த்தல். நாள்தோறும் மாலையில் கண்டவற்றையும் தாம் செய்த பிழைகளையும் நாட்குறிப்பில் எழுதுவது பட்டறிவைப் படிப்பறிவாக்கும். நான்காவது, தொடர்ச்சி. தொடங்கியதை ஒப்படைக்க ஆளின்றி விட்டுவருவது அறமன்று.

இந்நெறிகளுக்கு மிகுந்த பொருட்செலவு தேவையில்லை. கேட்கும் செவியும் தம் அறியாமையை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் போதும். மதிப்பெண்ணால் அளக்க இயலாதவை ஆயினும், மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆட்சியராகவோ உருவாகும் ஒருவருக்கு இவையே அடிப்படை. நோயாளியின் சொல்லைக் கேளாத மருத்துவமும் கீழூரை எண்ணாத அணைக்கட்டும் எவ்வளவு அறிவு கொண்டு அமைந்தாலும் தீங்கே விளைக்கும்.

முகாம் முடிந்து மாணவர்கள் ஊர் திரும்பியிருப்பர். எஞ்சிய 125 கனமீட்டர் மண்ணை ஊரார் வாரந்தோறும் சிறிது சிறிதாக அள்ளியிருப்பர். ஐப்பசி மழை பெய்த மறுநாள், அந்த வரத்துக்காலில் நீர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு மாணவர் பேருந்து ஏறி வருவாராயின், அவருடைய கல்வி வேர்பிடித்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கற்பவை கற்றபின்

1. ஒப்புரவு, ஈகை ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர் நிகழ்வுகள் இரண்டைக் கொண்டு விளக்குக.

2. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அது தொடர்பான வட்டாரச் சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.

3. ‘கலிங்கின் உயரம் பொறியியல் கணக்கு, அதுவே அறக்கணக்கும் ஆகும்’ – இத்தொடரின் பொருள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

4. உங்கள் பள்ளியில் முன்பு நடைபெற்ற தொண்டுப்பணி ஒன்றின் இன்றைய நிலையை நேரில் கண்டு, அதனைத் தொடர்வதற்கான திட்டம் ஒன்றை உருவாக்குக.