களமும் திரையும்

நுழையும்முன்

கால்பந்து ஆட்டத்தை அரங்கில் அமர்ந்தும் காணலாம். வீட்டில் தொலைக்காட்சியிலும் காணலாம். ஆட்டம் ஒன்றேயாயினும் காட்சி ஒன்றன்று. இவ்விரண்டின் இயல்புகளையும் ஓசூர்ப் பகுதியின் சூழலில் வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

எல்லைக்கு அப்பால் ஓர் அரங்கம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்த தொழில்நகரம் ஓசூர். அங்கிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வேலைக்காகவும் கல்விக்காகவும் நாள்தோறும் மக்கள் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சென்று வருகின்றனர். பெங்களூருவின் நடுவே, கப்பன் பூங்காவை அடுத்து இருக்கிறது ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம். 2013இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி. அணி, அடுத்த ஆண்டிலேயே இவ்வரங்கைத் தன் சொந்தக் களமாக்கிக் கொண்டது. ஓசூரில் வாழும் கால்பந்து ஆர்வலர்க்குச் சென்னையைவிட இவ்வரங்கே அண்மையது. எனினும், பயணம் செய்து அரங்கிற்குச் செல்வதா, வீட்டிலிருந்தே காண்பதா என்னும் வினா அவர்முன் எப்போதும் நிற்கிறது.

திரையின் கொடை

1954இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற உலகக்கோப்பையே முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான உலகக்கோப்பையாகும். 1970இல் மெக்சிகோ போட்டிகள் வண்ணத்தில் ஒளிபரப்பாயின. அரங்கிற்குச் செல்ல இயலாத கோடிக்கணக்கான மக்களுக்கு ஆட்டத்தைக் கொண்டு சேர்த்தது தொலைக்காட்சியே. மாந்தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் இருக்கும் மாணவியும் உலகின் தலைசிறந்த வீரர்களைக் காண முடிகிறது.

திரை கண்ணுக்குத் துணைசெய்கிறது. நொடியில் நிகழும் கோலை மெதுவாக, பல கோணங்களில், மீண்டும் மீண்டும் காட்டுகிறது. 1966 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து கோட்டைக் கடந்ததா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அத்தகைய ஐயங்களைத் தீர்க்க, 2018 உலகக்கோப்பையில் காணொலி உதவி நடுவர் முறை நடைமுறைக்கு வந்தது. ஆக, களத்தில் நிற்கும் நடுவரே இன்று திரையின் உதவியை நாடுகிறார்.

திரைக்கு வெளியே நிகழும் ஆட்டம்

ஆயினும், திரை காட்டாதவையும் உள. ஓர் ஆட்டத்தின் கால அளவு 90 நிமிடம். களத்தில் இருப்போர் 22 பேர். பந்து எப்போதும் யாரேனும் ஒருவர் காலில் இருப்பதாகவே கொண்டாலும், ஒருவர்க்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு நிமிடமே. எஞ்சிய 86 நிமிடமும் அவர் பந்தின்றியே ஆடுகிறார். எதிரணியினரைத் தம்பக்கம் ஈர்க்கிறார். தோழருக்கு இடம் உண்டாக்குகிறார். பந்து வரக்கூடிய திசையை முன்னரே அறிந்து நகர்கிறார். பந்தைப் பின்தொடரும் கேமராவில் இவற்றுள் பெரும்பகுதி அகப்படுவதில்லை. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட களத்தை ஒருசேர நோக்கும் வாய்ப்பு அரங்கில் இருப்பவர்க்கே உண்டு. தொலைக்காட்சியில் எதைக் காண்பது என்பதைப் பிறர் முடிவு செய்கின்றனர்; அரங்கிலோ நாமே முடிவு செய்கிறோம்.

ஓர் அழைப்பு

2018 ஜூன் 1ஆம் நாள் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5–0 என வென்றது. அணித்தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். ஆனால், அதனை நேரில் கண்டோர் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் சேத்ரி ஒரு காணொலி வெளியிட்டார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் அரங்கிற்கு வாருங்கள் என்னும் பொருள்பட அதில் வேண்டினார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. கொட்டும் மழையிலும் அரங்கம் நிறைந்தது. அது சேத்ரியின் 100ஆவது பன்னாட்டுப் போட்டி. அவர் இரண்டு கோல்கள் அடிக்க, இந்தியா 3–0 என வென்றது. வெறிச்சோடிய அரங்கை நிரப்பிய அழைப்பு கைப்பேசித் திரை வழியாகவே மக்களைச் சென்றடைந்தது என்பதும் எண்ணத்தக்கது.

தெரியுமா?

2023 ஜூலை 4 அன்று கண்டீரவா அரங்கில் நடைபெற்ற தெற்காசியக் கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவும் குவைத்தும் 1–1 எனச் சமநிலையில் இருந்தன. பெனால்டி முறையில் 5–4 என வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது.

நாம் செய்யத்தக்கது

அரங்கிற்குச் செல்வது அனைவர்க்கும் எளிதன்று. இரவில் முடியும் ஆட்டத்தைக் கண்டு எல்லை தாண்டித் திரும்புவதும், விடியற்காலை ஷிப்டுக்குச் செல்வதும் தொழிலாளிக்குக் கடினம். நுழைவுச்சீட்டு, பயணச்செலவு, பெண்களுக்கு இரவுப் பயணத்தில் வேண்டிய பாதுகாப்பு ஆகியவற்றையும் கருத வேண்டும். ஆகவே, திரையில் காண்பவரை ஆர்வம் குறைந்தவர் என எண்ணுதல் தகாது.

ஆனால், நம் பள்ளித் திடலில் நடைபெறும் ஆட்டத்திற்கு எந்தத் தொலைக்காட்சியும் வருவதில்லை. அங்கே ஓடும் நம் தோழரை நாம் சென்று காணாவிடில் காண்பவர் எவருமிலர். பெரும்போட்டிகளைத் திரையில் கண்டு ஆட்ட நுணுக்கம் அறிவோம். நம்மூர்த் திடலின் ஓரத்தில் நின்று கைதட்டி, நாளைய வீரரை வளர்ப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் நடைபெறும் ஓர் ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தைப் பாராமல் ஒரு வீரரை மட்டும் உற்றுநோக்கி, அவர்தம் செயல்களைத் தொகுத்து எழுதுக.

2. ‘ஆட்டத்தைக் காணச் சிறந்த இடம் களமே! திரையே!’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.