கோதுமை ஒவ்வாத குழந்தைகள்

பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் கோதுமை ரொட்டி மக்களின் அன்றாட உணவாகும். அங்கு ஒரு குழந்தை கோதுமை உண்ணத் தொடங்கிச் சில மாதங்களில் ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பல், இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்கு ஆளாகுமாயின், அதனை ஊட்டக்குறைவு என்றே பலரும் கருதுவர். ஆயினும் சில குழந்தைகளிடம் இதன் காரணம் 'சீலியாக்' எனப்படும் சிறுகுடல் அழற்சி நோயாகும்.

நோயின் இயல்பு

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. மரபுவழியாக இந்நோய்க்கு இடந்தரும் உடலமைப்புடையோர் சிலரிடம், இப்புரதம் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தம் குடலுக்கே எதிராகத் திருப்பிவிடுகிறது. சிறுகுடலின் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை.

1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் ரொட்டி அரிதாயிற்று. அப்போது இந்நோயுற்ற குழந்தைகள் நலமடைந்ததையும், ரொட்டி மீண்டும் கிடைத்ததும் நோய் திரும்பியதையும் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கண்டார். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு இவ்வாறு உறுதிப்பட்டது.

இந்தியாவில்

ஐரோப்பியருக்கே உரியதென எண்ணப்பட்ட இந்நோய் வட இந்தியக் குழந்தைகளிடமும் காணப்படுவதை 1966இல் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். 2006இல் வெளியான லூதியானா ஆய்வில் பள்ளிக் குழந்தைகள் 310 பேரில் ஒருவருக்கும், 2011இல் வெளியான தில்லி வட்டார ஆய்வில் 96 பேரில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. எனவே இதனை மிக அரிய நோய் என ஒதுக்குவதற்கில்லை.

திட்டங்களின் பங்கு

மெலிந்த குழந்தைக்குக் கூடுதல் உணவளிப்பதே ஊட்டச்சத்துத் திட்டங்களின் நெறி. கோதுமை விளையும் பகுதிகளில் அவ்வுணவு பெரும்பாலும் கோதுமையாலானது. சீலியாக் நோயுற்ற குழந்தைக்கு அம்மருந்தே நஞ்சாகிறது. எனவே, ஊட்டம் அளித்தும் எடை கூடாத குழந்தையை மருத்துவரிடம் அனுப்புதல் அங்கன்வாடிப் பணியாளரின் கடமையாதல் வேண்டும். இரத்தப் பரிசோதனையும், தேவைப்படின் குடல் திசுப் பரிசோதனையும் நோயை உறுதி செய்யும். அதற்கு முன்னரே கோதுமையை நிறுத்தினால் முடிவு பிழைபடக்கூடும்.

வாழ்நாள் முழுதும் குளூட்டனை அறவே விலக்குதலே இந்நோய்க்குரிய சிகிச்சை. அரிசி, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றை உண்ணலாம். ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அவற்றை அரைத்தலாகாது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு தானியம் என்பதில் அரிசியையும் பருமணித் தானியங்களையும் சேர்த்துள்ளது. நோய் உறுதியான குழந்தையின் குடும்பத்திற்குக் கோதுமைக்கு மாற்றாக இவற்றை வழங்குவதில் நிருவாகம் கருத்துச் செலுத்துமாயின், ஏழைக் குழந்தைக்கும் இச்சிகிச்சை எட்டும்.