சுவர் இருந்த கோயில்

தாராவியில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். அந்த மாவட்டத்தின் தென்கோடியில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. கன்னியாகுமரிக்குப் பக்கம். அங்கே 300 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள்.

அந்த ஊர்க் கோயிலின் கதை இது.

நீலகண்டன் வந்தார்

திருவிதாங்கூர் அரசரிடம் நீலகண்ட பிள்ளை என்பவர் வேலை பார்த்தார். அவர் கிறிஸ்தவராக விரும்பினார். எல்லை தாண்டி வடக்கன்குளம் வந்தார். 1745-ல் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாச் சாதியாரும் சமம் என்றார் தேவசகாயம். எல்லாரோடும் பழகினார். அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொன்றார்கள்.

சுவர் எழுந்தது

அவர் சொன்னதை ஊர் ஏற்கவில்லை. கோயிலுக்குள்ளும் சாதி நுழைந்தது. வெள்ளாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார மறுத்தார்கள். சண்டை வளர்ந்தது.

1872-ல் புதிய கோயில் கட்டினார்கள். அது கால்சட்டை போல இருந்தது. கால்சட்டைக்கு இரண்டு கால்கள். இரண்டும் இடுப்பில் சேரும். அதுபோல இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். நடுவில் சுவர்.

ஒரு கூடத்தில் வெள்ளாளர்கள். மறு கூடத்தில் நாடார்களும் மற்றவர்களும். பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாமி ஒன்று. பூசை ஒன்று. மனிதர்கள் மட்டும் இரண்டு!

சுவர் விழுந்தது

கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார் இதை மாற்ற நினைத்தார். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டது.

வெள்ளாளர்கள் கோபம் கொண்டார்கள். மீண்டும் சுவர் கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கும் அவர்கள் தோற்றார்கள். சுவர் திரும்ப எழவில்லை.

கல் சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். மனச் சுவரை இடிக்க நாள் ஆகும். 1950-ல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை குற்றம் என்று அது சொன்னது. ஆனாலும் சாதி இன்னும் போகவில்லை.

பெயரில் இருந்த சாதி

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதர் ஆனார். குருவாக இல்லாமல், குடும்பத்தோடு வாழ்ந்து புனிதரான முதல் இந்தியர் அவர்தான். முதலில் அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பெயரும் இருந்தது. "சாதியை எதிர்த்தவருக்குச் சாதிப் பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். ரோமாபுரி அந்தப் பெயரை எடுத்துவிட்டது.

மும்பைக்குப் பிழைக்க வந்தவர்கள் ஒரே ரயிலில் ஏறினார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் பெண் பார்க்கும்போது? வீடு வாடகைக்கு விடும்போது? சுவர் அங்கே இருக்கிறதா? யோசிப்போம்.

தெரிந்து கொள்வோம்

ஞானஸ்நானம் – கிறிஸ்தவராகச் சேரும் சடங்கு
பீடம் – பூசை நடக்கும் மேடை
புனிதர் – வணக்கத்துக்கு உரியவர் என்று திருச்சபை அறிவித்தவர்

பதில் எழுதுங்கள்

1. 1872-ல் கட்டிய கோயில் எப்படி இருந்தது?
2. சுவர் எந்த ஆண்டில் இடிக்கப்பட்டது?
3. உங்கள் ஊரில் இப்படி ஒரு சுவர் உண்டா? குழுவில் பேசுங்கள்.