பணம் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது?



மாதக் கூட்டம் முடிகிறது. ரொக்கப் புத்தகப்படி கையிருப்பு 2,430 ரூபாய் இருக்கணும். பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,250 ரூபாய்தான் இருக்கு. 180 ரூபாய் குறையுது. உடனே ஒரு மூலையில் பேச்சு கிளம்பும்: "போன வாரம் பெட்டி யார் வீட்டுல இருந்துச்சு?"

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 180 ரூபாயைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒரு பெண்ணின் மேல் விழுந்த பழிச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா?

இங்கிலாந்தில் 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் ஆஃப் ஓக்காம் என்ற துறவியின் பெயரில் ஒரு சிந்தனை விதி உண்டு. 'ஓக்காமின் சவரக்கத்தி' என்பார்கள். நடந்த ஒன்றுக்குப் பல காரணம் சொல்ல முடிந்தால், குறைவான ஊகம் தேவைப்படும் காரணத்தை முதலில் சோதித்துப் பார். வேண்டாத ஊகத்தைச் சிரைத்துத் தள்ளு. அவ்வளவுதான்.

நம் கணக்குக்கு இதைப் பொருத்துவோம். பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் இருக்கிறது. திருட்டு என்றால் இரண்டு பேரும் கூட்டுச் சேரணும், அல்லது சாவி கைமாறணும், அதையும் யாரும் பார்த்திருக்கக் கூடாது. எழுத்துப் பிழை என்றால் ஒரு கை ஒருமுறை தவறினால் போதும். அதனால் பிழையை முதலில் தேடுவோம்.

மூன்று சோதனைகள்

1. விடுபட்ட செலவு: சரியாக 180 ரூபாய்க்கு ஏதாவது செலவு எழுதாமல் விட்டிருக்கா? பஸ் செலவு, நோட்டு வாங்கியது எல்லாவற்றுக்கும் ரசீதைப் பாருங்கள்.

2. பக்கம் மாறியது: குறைவில் பாதி 90. 90 ரூபாய்ச் செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தால், புத்தகத்தில் சரியாக 180 கூடுதலாகக் காட்டும்.

3. எண் இடம் மாறியது: 350 ரூபாய் வாங்கி 530 என்று எழுதியிருந்தாலும் 180 வித்தியாசம் வரும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 1+8+0=9. அப்படியானால் உறுப்பினர் பாஸ்புக்கோடு ஒவ்வொரு வரவையும் ஒப்பிடுங்கள்.

எளிய காரணம் என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. முதலில் அதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். மூன்றிலும் கிடைக்கவில்லை என்றால் மூடி மறைக்கவும் வேண்டாம். யார் பெயரையும் சொல்லாமல் குறைவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புத் தணிக்கையாளரிடம் கேளுங்கள். மாதாமாதம் குறைந்தால் சங்கதி வேறு. ஒவ்வொரு மாதமும் புதுசு புதுசாய் ஒரு கைத்தவறு நடந்தது என்று நம்ப வேண்டியிருக்குமே! அப்போது 'கைத்தவறு' எளிய காரணம் இல்லை.

வீட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு வயிற்றாலே போனால், யார் கண்ணு பட்டுச்சு என்று யோசிக்கும் முன் குடித்த தண்ணீரையும் தின்ற பண்டத்தையும் பார்ப்போம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவோம்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்: 140 ரூபாய் வரவை 410 என்று எழுதினால் எவ்வளவு வித்தியாசம் வரும்? அது 9-ஆல் வகுபடுகிறதா?

கணக்கைச் சந்தேகிப்போம், சகோதரியை அல்ல!