நிலக்கரிப் படிவங்களும் பண்டைக் கடலேற்றமும்

நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியில் ஒரு பகுதி, ஒடிசாவின் தால்ச்சேர் வயல்களினின்று பாரதீப் வழியாக எண்ணூருக்குக் கப்பலில் வருவது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகட்கு முன் சதுப்பில் மடிந்த மரஞ்செடிகளே அக்கரியாயின. இத்தகைய கரியைத் தேடுவோர்க்கு ஓர் ஐயம் எழும்: ஒரு படுகையிற் கண்ட அடுக்கும், தொலைவிலுள்ள மற்றொரு படுகையிற் கண்ட அடுக்கும் ஒரே காலத்தனவா?

கரியே சான்றாகாதோ எனின், ஆகாது. ஒரே அடுக்கு ஓரிடத்துப் பருத்தும், ஓரிடத்து இரண்டாகப் பிரிந்தும், பிறிதோரிடத்து மணலாய் மாறியும் கிடக்கும். கடலேற்றமோ அத்தகையதன்று. கடல்மட்டம் உயர்ந்தால், தாழ்ந்த படுகைகள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நீர் புகும். சிப்பிகள் நிறைந்த மெல்லிய படிவத்தை விட்டுச் செல்லும். சிலப்பதிகாரத்துக் கயவாகு மன்னனை இலங்கை மகாவம்சத்திலும் கண்டு, அறிஞர் பலர் செங்குட்டுவன் காலத்தை இரண்டாம் நூற்றாண்டெனத் துணிந்ததை நாம் அறிவோம். இரண்டு வரலாறுகளை இணைத்த அப்பெயர் போன்றதே இரண்டு படுகைகளை இணைக்கும் இச்சிப்பிப் படிவமும்.

கோண்டுவானப் பெருநிலத்துப் பனிப்பாறைகள் உருகிய காலத்தில் கடல் உள்நாட்டிற் புகுந்தது. சத்தீஸ்கரின் மனேந்திரகரிலும், சுமார் 200 கிலோமீட்டர் அப்பாலுள்ள சார்க்கண்டின் டால்டன்கஞ்சிலும், கரியடுக்குகளின் கீழே கிடக்கும் தால்ச்சேர்ப் படிவத்தில் யூரிடெஸ்மா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பி அகப்படுகின்றது. ஆஸ்திரேலியாவிலும் அதுவே காணப்படும். இதனை அடிக்கோடாகக் கொண்டு மேலுள்ள அடுக்குகளை ஒப்பிடலாம்.

ஆயினும் கடற்படிவமெல்லாம் ஒன்றென்று கொள்ளலாகாது. நிலம் தாழினும் கடல் புகும். 1921-இல் மத்தியப் பிரதேசத்து உமரியாவிற் கண்டறியப்பட்ட படிவத்தில் சிப்பித் தொகுதி வேறு. ஆகவே அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும். ஓர் அடுக்கை மற்றொன்றென மயங்கின், ஆழத் துளைத்த துளையும் செலவிட்ட பொருளும் வீணாம்.

நம் அண்டையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் படிவங்களிலும் செடியிலைப் பதிவுகளோடு அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் சுருளோடுகளும் கிடைக்கின்றன. இவை காலத்தால் மிகப் பிந்தியவை. ஆந்திரத்து இராகவபுரம் படிவங்களோடு ஒப்பிடப்படுபவை. தொழிற்சாலைகள் பெருகும் இந்நிலத்தில் வெட்டிய குழிகள் விரைவில் மூடப்படும். ஆதலின், கல்லிற் சிப்பியைக் காணும் மாணவர், அதனைப் பெயர்க்குமுன் எவ்வடுக்கில், எதன்மேல், எதன்கீழ்க் கிடந்தது என்று குறித்துக்கொள்வாராக. அக்குறிப்பு இன்றேல் சிப்பி அழகுப்பொருளே. குறிப்பு உளதேல் அதுவே காலத்தின் சாசனம்.