உதவியாளரும் பொறுப்பு ஒப்படைப்பும்

அக்காலத்தில் மன்னார்குடி வட்டாரத்து மிராசுதாரர் சிலர் நகரங்களில் வசித்தபோதும் சாகுபடி நின்றதில்லை. காரியஸ்தர் நடவையும் அறுவடையையும் கவனித்தார். கணக்குப்பிள்ளை நெல் வரவை எழுதினார். அம்முறையின் அநீதி நாம் அறிந்ததே. வேலைப்பங்கீடு ஒன்றே இங்கு பாடம்.

இன்று சிறு உரக்கடையோ தறிக்கூடமோ நடத்துபவர் கடிதம், தவணைத் தேதி, விலைப்பட்டி யாவற்றையும் தாமே சுமக்கிறார். மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவைக்கு உரம் வேண்டி உழவர் வரிசையில் நிற்க, உரிமையாளர் உள்ளே சீட்டுக்குச் சீட்டுக் கையெழுத்திட்டுக் கொண்டிருப்பார். பயிரின் பருவமோ காத்திராது.

ஆளை அமர்த்தினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ‘என்னைக் கேட்டுச் செய்’ என்றால் சம்பளம் வீண். எத்தொகை வரை அவரே செலவிடலாம், எக்கடிதங்களுக்கு அவரே விடையெழுதலாம் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்தல் வேண்டும். காந்தியடிகளிடம் 1917 முதல் 1942 வரை காரியதரிசியாக விளங்கிய மகாதேவ தேசாய், அவர் கருத்தறிந்து கடிதம் வரையும் நிலையை எய்தினார். பழக்கத்தால் வளர்ந்த நம்பிக்கை அது.

கடன் கொடுப்பதும் காசோலைக் கையெழுத்தும் உரிமையாளரிடமே இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் ரொக்கப் புத்தகத்தையும் கையிருப்பையும் அவரே ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.